புதுசா வர்ற எம்எம்ஓ, பழைய ஜாம்பவான்களுக்கு ஈடு கொடுக்குமா?

லைஃப்ஸ்டாஃப்_கோவை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நாங்க எட்டுப் பேர். கோவையில ஒரே காலேஜ். இப்போ ரெண்டு பேர் சென்னை, ஒருத்தி சிங்கப்பூர், ஒருத்தன் புனே, நானும் என் வீட்டுக்காரரும் மத்த ரெண்டு பேரும் ஊர்லயே. நேர்ல சந்திக்கிறதுன்னா யாருக்காவது கல்யாணம் வரணும். ஆனா 2021 செப்டம்பர் 28-ல நியூ வேர்ல்ட்ங்கிற எம்எம்ஓ (ஆயிரக்கணக்கானவங்க ஒரே உலகத்துல சேர்ந்து ஆடுற ஆன்லைன் விளையாட்டு) வந்ததுலேர்ந்து சனிக்கிழமை ராத்திரி ஆனா எல்லாரும் அதுல வர்ற ஏட்டெர்னம் தீவுலதான். நான் லைஃப் ஸ்டாஃப்ங்கிற கோலை வச்சு மத்தவங்க உயிரை ஏத்துற ஹீலர். வேற எதையும் எடுத்ததில்ல, எடுக்கவும் ஆசையில்ல.

அந்த விளையாட்டோட உயிர் அதோட சத்தத்துல இருக்குன்னு நான் சொல்லுவேன். காட்டுக்குள்ள யாராவது மரம் வெட்டினா கோடாலிச் சத்தம் மேடு தாண்டி எதிரொலிச்சு வரும். ஆளைப் பார்க்கவே வேண்டாம், பக்கத்துல ஒருத்தர் இருக்கார்னு மனசுக்குத் தெரிஞ்சிடும். 2022 கோடையில இசைக்கருவி வாசிக்கிற வசதி வந்துச்சு. எங்க டேங்க் (முன்னால நின்னு அடியெல்லாம் தாங்குறவன்) விண்ட்ஸ்வார்ட் ஊர் நடுவுல மாண்டலினோட நின்னான்னா, முன்னப்பின்ன தெரியாதவங்க டிரம்ஸும் புல்லாங்குழலும் எடுத்துட்டு வந்து சேர்ந்துக்குவாங்க. அந்த ராத்திரிகளுக்காகவே நான் லாக்இன் பண்ணியிருக்கேன்.

2025 அக்டோபர் கடைசியில, இனிமே புது உள்ளடக்கம் வராது, 2026-ல சர்வர் மட்டும் ஓடும்னு அறிவிப்பு வந்துச்சு. அதுலேர்ந்து எங்க டிஸ்கார்ட் அரட்டையில ஒரே பேச்சு: அடுத்து எங்கே?

பாதிப் பேருக்கு அடுத்து வர்ற புது எம்எம்ஓ எதுவானாலும் முதல் நாளே உள்ள போகணும். எல்லாரும் ஒண்ணாம் லெவல், யாருக்கும் வரைபடம் தெரியாது, எந்தக் குகையில என்ன இருக்குன்னு கத்திக் கத்திச் சொல்லிக்கணும். அந்தச் சந்தோஷம் பழைய விளையாட்டுல கிடைக்காதுங்கிறாங்க. அது நிஜம்தான்.

மீதிப் பேர் நின்னு காட்டினதுக்கே போகலாம்ங்கிறாங்க. வாவ் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்) 2004-லேர்ந்து ஓடுது. ஃபைனல் ஃபேண்டஸி 14 இப்போ இருக்கிற உருவத்துல 2013-லேர்ந்து ஓடுது. சிங்கப்பூர்க்காரி இந்தக் கட்சி. "நாலு வருஷம் உழைச்சுச் சேர்த்ததை இன்னொரு தடவை விட்டுட்டு வர என்னால முடியாது"ன்னு அவ சொன்னப்போ யாருக்கும் பதில் வரல.

எனக்கு ரெண்டு பக்கமும் பயம். புதுசு மூணு மாசத்துல காலியாயிடுமோன்னு பயம். பழசுல பத்து வருஷம் முன்னால போனவங்களுக்குப் பின்னாலயே ஓடணுமோன்னு பயம். முதல் நாள் கூட்டத்தை வச்சு எதையும் சொல்ல முடியாதுன்னு மட்டும் தெரியும். நியூ வேர்ல்டுக்கு ஸ்டீம்ங்கிற கேம் தளத்துல ஒரே நேரத்துல 9 லட்சத்து 13 ஆயிரம் பேர் வந்தாங்க. லாஸ்ட் ஆர்க் 2022 பிப்ரவரியில 13 லட்சத்தைத் தாண்டுச்சு. ரெண்டுலயும் அந்தக் கூட்டம் தங்கல.

புதுசா ஒண்ணு வந்து இந்தப் பழசுங்களுக்குச் சமமா நிக்க நிஜமாவே வழி இருக்கா? இருந்தா, கூட்டத்தைப் பார்க்காம வேற எதைப் பார்த்து அதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கிறது? ரொம்ப வருஷமா ஆடுறவங்க சொல்லுங்க.

---

ஈரோட்டுக்_கேடயம் எழுதியது:

தங்கச்சி, வழி இருக்கிறது. ஆனால் இதுவரை அப்படி நின்றவை மிகக் குறைவு. அவை நின்றதற்கான காரணமும் நாம் வழக்கமாகப் பேசுகிற கிராஃபிக்ஸ், சண்டை முறை, கதை இவற்றில் இல்லை என்பது என் எண்ணம்.

2003இல் வேலைக்காக நியூ ஜெர்சி போனேன். அறைத்தோழர் எவர்க்வெஸ்ட் ஆடுவார். 1999 மார்ச்சில் வந்த விளையாட்டு. லோயர் குக் என்று ஒரு பாதாளம் உண்டு. அங்கே எப்போதாவது தலைகாட்டும் ஒரு பேயை வீழ்த்தினால் கறுப்புப் பட்டு இடைக்கச்சை கிடைக்கும்; அதைக் கட்டினால் வீச்சு வேகம் கூடும். அந்த ஒரு பேய்க்காக ஆட்கள் பெயர் எழுதிவைத்து முறை போட்டுக் காத்திருப்பார்கள். செத்தால் அனுபவப் புள்ளி குறையும். கவசம், ஆயுதம் எல்லாம் செத்த இடத்தில் பிணத்தோடு கிடக்கும். ஒன்றுமில்லாமல் உயிர்த்து எழுந்து, அவ்வளவு தூரம் ஓடி, அதே அரக்கர்களுக்கு நடுவே போய் எடுக்க வேண்டும். தனியாளால் ஆகாது. யாரையாவது கூப்பிட வேண்டும். அவர் வருவார், ஏனென்றால் நாளை அவருக்கும் அதே கதி. என் அறைத்தோழருக்கு அந்த ஊரில் கிடைத்த நட்பில் பாதி இப்படிப் பிணம் எடுக்கப் போன வழியில் கிடைத்தது.

2004 நவம்பரில் எவர்க்வெஸ்ட் 2 வந்தது, அடுத்த இரண்டு வாரத்தில் 23ஆம் தேதி வாவ் வந்தது. எல்லோரும் எவர்க்வெஸ்ட் 2 தான் வாரிசு என்று நினைத்தோம். அது கேட்ட கணினி எங்களில் பலரிடம் இல்லை. வாவ் என் பழைய மடிக்கணினியிலேயே ஓடியது. செத்தால் ஆவியாக நடந்து வந்து உடம்பில் புகுந்துகொள்ளலாம், புள்ளி எதுவும் போகாது. தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி இருப்பவரிடம் போனால் வேலை கிடைக்கும். பீட்டாவில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில்), நீண்ட நேரம் ஆடினால் அனுபவப் புள்ளி பாதியாகும் என்று வைத்திருந்தார்கள். ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, ஓய்வெடுத்து வந்தால் இரட்டிப்பு என்றார்கள், அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு முடிவும் இதுவரை ஆடாதவரை உள்ளே அழைக்கும் முடிவு. எவர்க்வெஸ்டுக்குச் சில லட்சம் சந்தாதாரர்கள் இருந்த உலகில் வாவ் 2010இல் ஒரு கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. அந்த ஒரு கோடிப் பேர் எவர்க்வெஸ்டிலிருந்து வந்தவர்கள் அல்ல. அவர்களில் பலர் அதற்கு முன் எந்த எம்எம்ஓவும் ஆடியதில்லை. பழையதோடு மல்லுக்கட்டி ஆளைப் பறித்து அது வளரவில்லை.

அதற்குப் பின் வந்தவர்கள் அந்த ஒரு கோடிப் பேரையே குறிவைத்தார்கள். வார்ஹாமர் ஆன்லைன் 2008 செப்டம்பரில் வந்து 2013 டிசம்பரில் மூடியது. ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் 2011 டிசம்பரில் வந்து மூன்று நாளில் பத்து லட்சம் பேரைச் சேர்த்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் கொடுத்து எடுத்த கதை, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் குரல் கொடுத்து எழுதிய கதையை ஒரு மாதத்தில் ஆடி முடித்துவிடுவார்கள், அடுத்ததை எடுக்க ஒரு வருடம் ஆகும். அடுத்த நவம்பரிலேயே இலவசமாக்க வேண்டி வந்தது. வைல்ட்ஸ்டார் 2014இல் 40 பேர் ரெய்டு (பெரிய அரக்கர்களை 40 பேர் சேர்ந்து தாக்குவது), அதற்குள் நுழையவே நீண்ட தகுதித் தேர்வு என்று பழைய வாவ் வீரர்களை அழைத்தது. 2018 நவம்பரில் விளக்கை அணைத்தது.

ஃபைனல் ஃபேண்டஸி 14ஐ மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 2010 செப்டம்பர் 30 அன்று வந்த முதல் வடிவம் படுதோல்வி. நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது, மாதக் கட்டணம் வாங்குவதையே நிறுத்திவைத்தது. டிசம்பரில் நவோக்கி யோஷிதா பொறுப்பேற்றார். ஒரு பூந்தொட்டியை வரைய, ஒரு வீரனை வரையும் அளவுக்குப் பலகோணங்கள் (உருவத்தைக் கட்டும் சிறு வடிவங்கள்) செலவாகியிருந்ததை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். அதனால்தான் திரையில் இருபது பேர் சேர்ந்தாலே இயந்திரம் திணறியது. அவர் பழையதைப் பேட்ச் போட்டு ஓட்டிக்கொண்டே, பக்கத்தில் புதியதை அடியிலிருந்து கட்டினார். 2012 நவம்பர் 11 அன்று வானத்தில் தொங்கிக்கொண்டிருந்த டாலமுத் என்ற சந்திரன் விழுந்து அந்த உலகம் அழிந்தது. சர்வர் நிறுத்தத்தையே கதையாக்கினார்கள். 2013 ஆகஸ்ட் 27 அன்று மீண்டும் பிறந்தது. 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் என்ற விரிவாக்கம் வந்தபோது வரிசை தாங்காமல் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்துமளவுக்குக் கூட்டம். வாவுக்கு அடுத்து வந்தவற்றில் அதற்குச் சமமாக நிற்கிறது என்று நான் தயங்காமல் சொல்வது இதை ஒன்றைத்தான்.

ஏன் நின்றது? எல்லோரும் கதையைச் சொல்வார்கள். நான் டியூட்டி ரூலெட் என்ற பொத்தானைச் சொல்வேன். 100ஆம் லெவலில் இருக்கும் ஆள் தினமும் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். அவரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பும், 15ஆம் லெவல் குகையான சஸ்தாஷாவுக்குக்கூட. உள்ளே போனதும் அவருடைய பலம் அந்த லெவலுக்குக் குறைக்கப்படும். அங்கே முதல் தடவையாக டேங்க் எடுத்துக் கை நடுங்கும் ஒரு புது ஆள் இருப்பார். முடித்தால் பழையவருக்குத் தேவையான நாணயம் கிடைக்கும், குழுவில் அந்தக் குகையை முன்பு பார்க்காதவர் இருந்தால் கூடுதலாகக் கிடைக்கும். ஆகப் பழையவருக்குப் புது ஆளைக் கண்டால் மகிழ்ச்சி. எரிச்சல்படக் காரணமே இல்லை. பிணம் எடுக்கப் போன அந்த எவர்க்வெஸ்ட் உதவியை, பிணமும் தண்டனையும் இல்லாமலே கொண்டுவந்துவிட்டார்கள்.

என் அளவுகோல் இதுதான்: ஆறு மாதம் கழித்து, உச்ச லெவலில் இருப்பவருக்கு நேற்றுச் சேர்ந்தவர் தேவைப்படுகிறாரா? தேவைப்பட்டால் அந்த விளையாட்டு நிற்கும். ஈவ் ஆன்லைன் என்ற விண்கப்பல் விளையாட்டு 2003 மே மாதத்திலிருந்து, சீனா நீங்கலாக, ஒரே சர்வரில் ஓடுகிறது. அங்கே ஒரு பெரிய கூட்டணிக்கு மலிவான சிறு கப்பலில் எதிரியைப் பிடித்து நிறுத்திவைக்க ஆள் வேண்டும். சேர்ந்து சில நாளே ஆனவரால் அதைச் செய்ய முடியும். அதனால் அவரைத் தேடிப்பிடித்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். வைல்ட்ஸ்டாரில் 40 பேர் ரெய்டுக்குத் தேர்ந்த 40 பேர்தான் தேவை, புது ஆள் சுமை. நீங்கள் நேசிக்கும் நியூ வேர்ல்டில் ஊர்கள் சில கம்பெனிகள் (ஆடுபவர்களின் குழுக்கள்) கையில், வரி அவர்களுக்கு, போருக்குப் பக்கத்துக்கு 50 பேர். அந்த ஐம்பதில் இடம் கிடைக்காதவர்கள் போர் நடப்பதைக் கேள்விப்படலாம், அவ்வளவே. மாண்டலின் வாசிக்கும் இடத்தில் மட்டும் யார் வந்தாலும் கச்சேரி கூடியது. அதனால்தான் உங்களுக்கு அந்த ராத்திரிகள் நினைவில் நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

---

ஸ்காபரோ_சுருட்டு எழுதியது:

கேடயம் அண்ணை சொன்னதிலை ஒரு இடத்திலை மட்டும் எனக்கு ஒப்பில்லை. ஆக்கள் ஒருத்தருக்கொருத்தர் தேவைப்பட்டாப் போதும், விளையாட்டு நிக்கும் எண்டுறார். போதாது. ஆக்கள் நிறைய இருக்கேக்கையே மூடின விளையாட்டுகள் இருக்கு.

சிட்டி ஆஃப் ஹீரோஸைப் பாருங்கோ. 2004 ஏப்ரலிலை வந்தது, வாவுக்கும் முந்தி. அண்ணை சொல்லுற பழையவர் புதியவர் உறவுக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. சைட்கிக் எண்டு ஒரு ஏற்பாடு: லெவல் குறைஞ்ச சிநேகிதரைப் பெரியவர் தன்ரை பக்கத்து லெவலுக்கு உயர்த்திக் கூட்டிக்கொண்டு போகலாம். மற்றவை லெவல் இடைவெளியைப் பற்றி யோசிக்கவே தொடங்காத காலம் அது. அது 2012 நவம்பர் 30 மூடினது. அதுக்குள்ளை வாற அட்லஸ் பார்க்கிலை ஆக்கள் தீப்பந்தத்தோடை கூடி நிண்டு மூடாதேங்கோ எண்டு கேட்டவை. வெளியீட்டாளர் எடுத்த வணிக முடிவு, மாறேல்லை.

தங்கச்சி, நீங்கள் சொன்ன நியூ வேர்ல்டும் அதே மாதிரித்தான். அறிவிப்பு வரேக்கை சீசன் 10 வந்து ரெண்டு கிழமைதான், ஆக்கள் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம்.

அதாலை நான் பார்க்கிறது வேறை: அந்த விளையாட்டை வைச்சிருக்கிறவைக்கு அது எவ்வளவு முக்கியம்? ஈவ் இல்லாட்டி அதைச் செய்த ஐஸ்லாந்துக் கம்பனிக்குப் பெரிசா வேறை ஒண்டுமில்லை. ரூன்ஸ்கேப் எம்எம்ஓவைச் செய்யிற ஜாஜெக்ஸுக்கு அதுதான் பிழைப்பு. ஃபைனல் ஃபேண்டஸி 14 அதைச் செய்யிற ஸ்குவேர் எனிக்ஸின்ரை வருமானத்திலை பெரிய தூண். அப்பிடிப்பட்ட இடத்திலை கெட்ட வருஷம் வந்தாலும் திருத்தப் பார்ப்பினம், பூட்டிப்போட்டுப் போகமாட்டினம். ஆயிரம் வியாபாரத்திலை ஒண்டாக் கேம் செய்யிற பெரிய கம்பனியிலை எட்டுப் பேர் போய்க் குடியேறுறது, குத்தகைக் காணியிலை கல்வீடு கட்டுற மாதிரி.

ஜாஜெக்ஸ் செய்ததைச் சொல்லவேணும். ரூன்ஸ்கேப் மாறிப்போச்செண்டு பழைய ஆக்கள் கோவிச்சுக்கொண்டு போனவை. 2013 பிப்ரவரியிலை, 2007 ஆகஸ்ட் மாசத்துப் பிரதி ஒண்டு கையிலை இருந்ததை எடுத்து, ஓல்ட் ஸ்கூல் எண்டு திரும்பத் திறந்தவை. அதுக்குப் பிறகு புதுசா எது சேர்க்கிறதெண்டாலும் ஆடுறவையின்ரை வாக்கெடுப்பு. முந்தி நூற்றுக்கு எழுபத்தைஞ்சு பேர் ஓமெண்டாத்தான், பிறகு எழுபது. இண்டைக்கு அதுதான் அசல் ரூன்ஸ்கேப்பைவிடப் பெரிசு. 2019-இலை வாவ் கிளாசிக் வரேக்கையும் இதே கதைதான். பத்துப் பதினைஞ்சு வருஷத்திலை பெருங்கூட்டத்தைப் பிடிச்சு, விடாமல் வைச்சிருக்கிற 'புது' விளையாட்டுகளிலை ரெண்டு பழைய விளையாட்டின்ரை பழைய பிரதி! புதுசு செய்யிற எல்லாரும் இதை யோசிக்கவேணும்.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. சிட்டி ஆஃப் ஹீரோஸை ரசிகர்களே தங்கடை சர்வரிலை ஓட்டினவை. 2024 ஜனவரியிலை ஹோம்கமிங் எண்ட ரசிகர் சர்வருக்கு உரிமையாளரே முறைப்படி அனுமதி குடுத்திட்டார். ஒரு சத லாபமும் இல்லாமல் ஆக்கள் பதினொரு வருஷம் பிடிச்சு வைச்சிருந்ததுக்குக் கிடைச்ச மரியாதை அது.

---

டைரியா_தோட்டக்காரன் எழுதியது:

ஸ்காபரோக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் கில்ட் வார்ஸ் 2 ஆடுபவன், 2012 ஆகஸ்டில் வந்த நாளிலிருந்து.

இங்கே உச்ச லெவல் 80. அன்றும் 80, இன்றும் 80. வருடக்கணக்கில் வராமல் இருந்துவிட்டு வந்தாலும் நான் செய்த கவசம் மதிப்பிழக்காது. மாதச் சந்தா கிடையாது. ஒரு சுரங்கப் பாறையை நான் வெட்டினால் உங்களுக்கு அது தீர்ந்துபோகாது, உங்கள் பங்கு உங்களுக்கு. விழுந்து கிடப்பவரை யார் தூக்கிவிட்டாலும் தூக்கியவருக்கு அனுபவப் புள்ளி. தொடக்க ஊருக்கு நான் போனால் என் லெவலும் அந்த ஊர் அளவுக்கு இறங்கும். வாவ் எங்கே வலுவாக இருந்ததோ அந்தக் களத்தில் இவர்கள் இறங்கவே இல்லை. ரெய்டு, மாதாமாதம் பெரிதாகும் ஆயுதம், இவற்றை மையமாக வைக்கவில்லை. வாவ் சந்தா கட்டுகிறவர் அதை விடாமலே இதையும் வைத்துக்கொள்ள முடிந்தது.

அதனால் "ஈடு கொடுக்குமா" என்ற கேள்விக்கு என் பதில்: ஈடு கொடுக்கக் கிளம்பியவை பெரும்பாலும் விழுந்தன, ஓரமாக வேறு வேலை பார்த்தவை பிழைத்தன. புதிதாக வரும் ஒன்றின் முன்னோட்டத்தைப் பார்க்கும்போது, "பழையதை விட்டுவிட்டு வா" என்று கேட்கிறதா, "அது இருக்கட்டும், இங்கேயும் வா" என்று கேட்கிறதா என்று கவனியுங்கள். முதலாவதைக் கேட்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் எட்டுப் பேருக்கு ஒரே சிக்கல், எங்கள் சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டும்தான்.

---

கடலடி_கேபிள் எழுதியது:

இந்தப் பேச்சில் எல்லோரும் தாண்டிப்போகும் விஷயத்தைத் தோட்டக்காரர் கடைசி வரியில் தொட்டார். நான் நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன், அதனால் விடமாட்டேன்.

கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மில்லிசெகண்ட். போய்த் திரும்ப 10. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், ஆக பிங்கை (தகவல் போய்த் திரும்பும் நேரத்தை) 29 மில்லிசெகண்டுக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. டோக்கியோ ஆறாயிரத்துக்கும் மேல், அதுவும் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, சிங்கப்பூர் சுற்றிப் போகிறது. பெரிய எம்எம்ஓக்களில் இந்தியாவில் சர்வர் வைத்தவை கிட்டத்தட்ட இல்லை. ஆகவே புது விளையாட்டு உலகத்தரத்தில் இருந்தாலும், அதன் சண்டை ஒரு உருளலில் தப்பிக்கும் வகையாக இருந்து, சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தால், கோவையில் இருக்கும் ஹீலருக்கு அது அரை விளையாட்டு. அங்கே ஆடுபவர்கள் பாராட்டி எழுதும் விமர்சனத்தை நம்பி நாம் முடிவெடுக்கக் கூடாது.

ஃபைனல் ஃபேண்டஸி 14இல் அடிப்படைத் தாக்குதலுக்கு இடையே இரண்டரை வினாடி இடைவெளி. அதனால் 120, 150 பிங் வந்தாலும் ஹீலருக்குப் பெரிதாக உறைக்காது. இடைவெளிக்குள் இரண்டு திறன்களை நுழைக்கும், தாக்குவதே வேலையான டிபிஎஸ்காரர்களுக்குத்தான் கஷ்டம். இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள்: தரையில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் வட்டத்துக்குள் நீங்கள் இருந்தீர்களா என்பது, எதிரியின் மந்திரப் பட்டை நிறையும் கணத்தில் தீர்மானமாகிவிடும். வெடிப்பு அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். பட்டையைப் பார்த்து நகருங்கள், வெடிப்பைப் பார்த்து நகராதீர்கள். பிங் அதிகமுள்ள நமக்கு இது ஒன்றே பாதி உயிரைக் காப்பாற்றும்.

ஆல்பியன் ஆன்லைன் 2023இல் சிங்கப்பூரில் ஆசிய சர்வர் திறந்தது. அங்கே நம் ஊர் பிங்கே வேறு. அதில் ஆபத்தான பகுதிகளில் செத்தால் பொருட்கள் போய்விடும், ஆகவே செய்து விற்கிற ஆள் எப்போதும் தேவை. கேடயம் அண்ணன் சொன்ன அளவுகோலுக்கும் அது தேறும். ஆனால் மோதலும் கொள்ளையும் பிடிக்காத குழு என்றால் வேண்டாம்.

---

லைஃப்ஸ்டாஃப்_கோவை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இந்தத் திரியை அப்படியே எங்க டிஸ்கார்ட்ல போட்டேன். புனேக்காரன்தான் புதுசுக்குப் போகணும்னு தலைகீழா நின்னவன். கேடயம் அண்ணா எழுதினதைப் படிச்சுட்டு, "லான்ச் அன்னைக்கு எல்லாருக்கும் எல்லாரும் தேவைப்படுறாங்க, அதான் எனக்குப் பிடிச்சிருந்தது, ஆறாம் மாசத்தை நான் யோசிக்கவே இல்ல"ன்னான். எனக்கும் இப்போதான் விஷயம் தெளிவாச்சு. நாங்க தேடுறது புதுசும் இல்ல, பழசும் இல்ல. எங்க எட்டுப் பேர் தவிர ஒன்பதாவது ஆளும் வந்து உட்காரக்கூடிய ஒரு இடம்.

சுருட்டு அண்ணா, நீங்க சொன்னது மனசைப் பிசைஞ்சுது. உரிமையாளருக்கு அது பிழைப்பான்னு பார்க்கணும்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தோணல. சிங்கப்பூர்க்காரி கணக்கு எழுதுற வேலை பார்க்கிறவ, இனி ஒவ்வொரு கம்பெனியோட ஆண்டறிக்கையையும் தோண்டப்போறாளாம்.

கேடயம் அண்ணாகிட்ட இன்னும் ரெண்டு கேக்கணும். புது விளையாட்டோட பீட்டாவுலயே உங்க அளவுகோலை எப்படிச் சோதிக்கிறது? அப்போ ஆறாம் மாசம் வந்திருக்காதே. இன்னொண்ணு, ஃபைனல் ஃபேண்டஸிக்குப் போனா அந்தக் கதையை முடிக்கவே நூத்துக்கணக்கான மணி நேரம்ங்கிறாங்க. எட்டுப் பேரும் ஒரே வேகத்துல போக முடியாது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வசனமும் படிப்பார், எங்க டேங்க் ஒண்ணும் படிக்க மாட்டான். அது எங்களைப் பிரிச்சிடாதா?

---

ஈரோட்டுக்_கேடயம் எழுதியது:

பீட்டாவில் பார்க்கக்கூடியது இரண்டு உண்டு. நான் முதலில் பார்ப்பது, என் லெவல் உங்களைவிட முப்பது கூட இருக்கும்போது நாம் இருவரும் ஒரே குகைக்குப் போய் இருவருக்கும் பயன் கிடைக்கிறதா என்று. பீட்டாவிலேயே சிலர் வேகமாக ஓடியிருப்பார்கள், அவர்களில் ஒருவரைப் பிடித்துச் சோதித்துவிடலாம். கிடைக்கவில்லை என்றால், "பின்னால் சேர்ப்போம்" என்ற வாக்குறுதியை நம்பாதீர்கள். அது அஸ்திவாரத்தில் இருக்க வேண்டியது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014இல் அது இல்லாமல் வந்து, 2016 அக்டோபரில் உலகம் முழுவதையும் லெவல் பேதமில்லாமல் திருத்தி அமைத்தது. அதற்குப் பிறகுதான் நண்பர்கள் சேர்ந்து ஆடும் விளையாட்டாக அது ஆனது. திருத்த முடியும், ஆனால் இரண்டரை வருடம் பொறுக்கிற முதலாளி வேண்டும். சுருட்டு சொன்னதும் நான் சொன்னதும் அங்கே ஒன்றாகிவிடுகிறது. அவர் என்னைத் திருத்தியது சரிதான், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, கைத்தொழில். தொடக்க நிலை ஆள் வெட்டும் மரத்துக்கு உச்ச லெவல் ஆளிடம் விலை உண்டா? சந்தையில் கீழ்நிலைப் பொருள் விலைபோகாமல் குவிந்துகிடந்தால் புதியவருக்கு அங்கே வேலை இல்லை என்று பொருள்.

கதை விஷயம். உண்மை, மிக நீளம். முதல் பகுதி இழுவையும்கூட. ஆனால் கதை தனி ஆள் பயணம், இடையில் வரும் குகைகளுக்குத்தான் நான்கு பேர், எட்டுப் பேர் தேவை. வீட்டுக்காரர் பின்னால் வரட்டும். அவர் ஒரு குகையை எட்டும்போதெல்லாம் முன்னால் போனவர்கள் திரும்பி வந்து கூட நிற்கலாம், அவர்களுக்கும் அதில் நாணயம் உண்டு. சனிக்கிழமை ராத்திரிக்கு அது போதும். ஊர் நடுவே நின்று வாத்தியம் வாசிக்க பார்ட் என்ற தொழில் இருக்கிறது, உங்கள் டேங்கிடம் சொல்லுங்கள். தெரியாதவர்கள் சேர்ந்து கச்சேரி நடத்துவது அங்கே தினசரி நடக்கிற காரியம்.

பணம் கட்டாமலே 70ஆம் லெவல் வரை, முதல் இரண்டு விரிவாக்கம் உட்பட, கால வரம்பில்லாமல் ஆடலாம். அந்த இலவசக் கணக்கில் சந்தைப் பலகையைத் தொட முடியாது. குழு அமைக்கவும் முடியாது, மற்றவர் அமைத்த குழுவில் சேரலாம். அதனால் எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் முழுக் கணக்கு வாங்கினால் அவர் மற்ற ஏழு பேரையும் அழைக்கலாம். வாங்கியபின் அதே கணக்கு இலவசத்துக்குத் திரும்பாது, ஆகவே யார் என்பதை யோசித்து முடிவுசெய்யுங்கள். சர்வர் தேர்ந்தெடுக்கும்போது ஜப்பான் பக்கம் எலிமென்டல் டேட்டா சென்டரில் டோன்பெரியைப் பாருங்கள். தென்கிழக்கு ஆசிய ஆட்கள் பல வருடமாக ஆங்கிலம் பேசிக் கூடுகிற இடம், சிங்கப்பூர்க்காரிக்கும் பொருந்தும். எட்டுப் பேரும் பாத்திரம் உருவாக்கும் முன்பே ஒரே சர்வரைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.